குளியலறை டைல் இடுக்குகளில் பழைய கிரவுட்டை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் குளியலறையில் தரையிலும் சுவரிலும் பதித்துள்ள டைல்கள் இன்றும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளை நிரப்பியுள்ள கிரவுட் மட்டும் கெட்டுவிட்டது. ஷவருக்குக் கீழே உள்ள தரைப்பகுதியில் நகத்தால் கீறினாலே உதிர்கிறது. சுவரில் இடுப்பளவு உயரம் வரை கறுத்துக் கிடக்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலை நெடுகிலும் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. பிளீச்சிங் கரைசலை ஊற்றித் தேய்த்தால் வெளுக்கிறது, ஆனால் கொஞ்ச நாளிலேயே பழைய கறுப்பு திரும்பிவிடுகிறது.

டைல்களைப் பெயர்க்காமல் கிரவுட்டை மட்டும் மாற்ற விரும்புகிறேன். பழையதன் மேலேயே வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துத் தேய்த்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சி என்ற பிசின் வகைக் கிரவுட்டை இட்டால்தான் நிற்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். தரை டைல் 300 மி.மீ. சதுரம், இடுக்கு 3 மி.மீ.; சுவர் டைல் 300-க்கு 450 மி.மீ., இடுக்கு 2 மி.மீ.; இரண்டும் ஏறத்தாழ 8 மி.மீ. கனம் உள்ளவை. மின்கருவிகளை ஓரளவு கையாளத் தெரியும் என்பதால் நானே செய்யலாம் என்று எண்ணுகிறேன். எவ்வளவு ஆழத்துக்கு எடுக்க வேண்டும், டைல் ஓரம் பெயராமல் எடுக்க எந்தக் கருவி ஏற்றது, எந்த வகைக் கிரவுட் பொருந்தும், வேலை முடிந்தபின் எத்தனை நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

பழையதன் மேல் தேய்க்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். கிரவுட் இடுக்கில் நிலைத்து நிற்பதற்கு, டைல்களின் பக்கவாட்டு ஓரங்களை அது பற்றிக்கொள்ள வேண்டும். தானும் ஒரு பட்டையாக இறுகி நிற்கும் அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடுக்கின் மேல் தேய்த்தால் மெல்லிய படலமாக ஏதோ தங்குமே தவிர, பற்றிக்கொள்ள ஓரமும் கிடைக்காது, நிற்பதற்குக் கனமும் இருக்காது. அடியில் இருப்பதோ, சோப்புப் படிவும் பூஞ்சையும் ஊறிப்போய்த் தானே உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய கலவை. அதன் மேல் இட்ட பூச்சு, கால் படும் இடங்களில் செதில் செதிலாகக் கழன்று வந்துவிடும். வெள்ளைச் சிமெண்டை வெறும் தண்ணீரில் குழைத்து இடுவது இன்னும் மோசம். மணலும், ஒட்டுதிறனைக் கூட்டும் பாலிமரும் சேராத சிமெண்ட் காயும்போது மிகுதியாகச் சுருங்கி, டைல் ஓரத்தை விட்டு விலகி, தண்ணீர் இறங்குவதற்கு வழி திறந்துவிடும்.

டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குப் பழையதை எடுப்பது தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. உங்கள் டைலுக்கு அது 5 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். அதற்குக் கீழே இருப்பது உறுதியாக இருந்தால் அதை விட்டுவிடலாம். கூரிய கத்திமுனையால் குத்தும்போது பொடிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் இறங்கலாம். ஆனால் ஷவர் சுவரில் டைலின் கனத்தைத் தாண்டி ஒருபோதும் கருவியின் அலகை (பிளேடை) இறக்காதீர்கள். டைலுக்குப் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்குமானால் அது அறுபட்டுவிடும். அறுபட்டது வெளியே தெரியாது, பல மாதங்கள் கழித்து அடுத்த அறையின் சுவரில் ஓதமாகத்தான் தெரியவரும். அலகின் பக்கத்தில் 5 மி.மீ. உயரத்தில் ஒட்டுத்தாள் ஒன்றைச் சுற்றி ஒட்டிவிட்டால், எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கருவியைப் பொறுத்தவரை, உங்கள் அளவு வேலைக்கு அலைவுக் கருவி, அதாவது மல்ட்டி டூல் என்று கடைகளில் கேட்டால் தருவது, மிகவும் ஏற்றது. அதன் அலகு சுழலாது. மூன்று பாகை அளவுள்ள சிறு கோணத்துக்குள் அதிவேகமாக முன்னும் பின்னும் அசையும். அதனால் கை சற்றுத் தடுமாறினாலும் டைலின் மேல் ஓடிக் கோடு கிழிக்கும் ஆபத்து குறைவு. கார்பைடு அல்லது வைரத்துகள் பதித்த அரைவட்ட அலகை வாங்குங்கள். அதன் கனம் இடுக்கின் அகலத்தைவிடக் குறைவாக இருப்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். 3 மி.மீ. இடுக்குக்கென்று விற்கும் அலகைச் சுவரின் 2 மி.மீ. இடுக்கில் நுழைத்தால் இருபுறமும் மெருகு பெயரும். ஆங்கிள் கிரைண்டரைப் பயன்படுத்தச் சொல்பவர்களும் உண்டு. நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுழலும் அந்தக் கருவியால் வேலை வேகமாக முடியும் என்பது உண்மைதான். டைலும் வேகமாக முடிந்துவிடும். தேர்ந்த கொத்தனாரின் கையில் மட்டும் அது இருக்கட்டும்.

அலகை இடுக்கின் நடுவில் வைத்து, அழுத்தாமல், கருவியின் எடையே அதை இறக்கும்படி விட்டு, கைப்பிடி அளவு நீளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓசையைக் கவனித்தால் கண்ணைவிடக் காது நன்றாக வழிகாட்டும். கிரவுட்டுக்குள் ஓடும்போது தணிந்த கரகரப்பு எழும்; டைலின் ஓரத்தை அலகு தொட்ட உடனே அது உயர்ந்து கீச்சிடும். பொடியின் நிறமும் மாறும்: சாம்பல் நிறப் பொடியோடு டைலின் உள்மண் நிறம் கலக்கத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். நடுப்பகுதியைக் கருவியால் எடுத்தபின், இரு ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோலைக் கைச்சுரண்டியால் எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோல் மிச்சமிருந்தால் புதிய கிரவுட் டைலைப் பற்றாது, பழைய அழுக்கைத்தான் பற்றும். இரு கோடுகள் குறுக்கிடும் சந்திப்புகளில் கருவியை நிறுத்திவிட்டு முழுக்கக் கையாலேயே எடுப்பது நல்லது. டைலின் மூலை பெயர்வது பெரும்பாலும் அங்கேதான்.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். கிரவுட்டில் உள்ள மணல் படிக சிலிக்கா. அதன் நுண்தூசியை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்தது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. என்95 அல்லது அதற்கு இணையான, முகத்தோடு பொருந்தி அமரும் கவசம் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். இடுக்கில் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டு எடுத்தால் தூசி பெருமளவு அடங்கும். ஆனால் மின்கருவிக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்குவதற்கு முன் தரை வடிகாலின் வாயைத் துணி திணித்து அடைத்துவிடுங்கள். சுரண்டிய பொடி குழாய்க்குள் போய் இறுகினால் அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன், கிரவுட் ஏன் கெட்டது என்பதைப் பார்க்க வேண்டும். சுவரில் கறுத்திருப்பது ஒரு வகை, தரையில் உதிர்வது வேறு வகை, மூலையில் விரிசல் விட்டிருப்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சுவரில் உள்ள கறுப்பு பெரும்பாலும் பூஞ்சையாக இருக்கும். சிமெண்ட் கிரவுட்டில் நுண்துளைகள் நிறைய உண்டு. ஈரமும் சோப்புப் படிவும் அதில் தங்கினால் பூஞ்சை வளரும். பிளீச்சிங் கரைசல் மேலே உள்ள நிறத்தைப் போக்கினாலும் துளைக்குள் இருப்பதை முழுமையாக எட்டாது. அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் புதிய கிரவுட் இட்டாலும் இதே கதைதான் தொடரும் என்பதால், காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றைப் பற்றியும் யோசியுங்கள். இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: பிளீச்சிங் பயனளிக்கவில்லை என்று அதன் மேலேயே அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஷவருக்குக் கீழே கிரவுட் உதிர்வதற்கு, அமிலம் ஊற்றிக் கழுவிய பழக்கம் காரணமாக இருக்கலாம். முன்பு இட்டவர் தண்ணீரை அதிகமாகக் கலந்திருக்கலாம். அல்லது டைலே அசைந்துகொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் நீங்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒரு நாணயத்தாலோ சுத்தியலின் மரப்பிடியாலோ ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் டைல் கெட்டியான, சுருக்கமான ஓசை தரும். அடியில் பொள்ளலாக இருந்தால் ஓசை உள்ளீடற்று ஒலிக்கும். பொள்ளல் ஒலி எழுந்தாலும், ஏறி நின்று எடையை மாற்றும்போது டைல் சிறிதும் அசையவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம். அசைந்தால் அதைப் பெயர்த்து மீண்டும் ஒட்டாமல் கிரவுட் இடுவது வீண். அசையும் டைலைச் சுற்றி எந்தக் கிரவுட்டும் நிற்காது, எபாக்சி ஆனாலும் சரி.

பலரிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கிரவுட் என்பது நீர்த்தடுப்பு அல்ல. சிமெண்ட் கிரவுட் வழியாக ஓரளவு ஈரம் இறங்கவே செய்யும். அதைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்புவது டைலுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் தரையின் வாட்டமும்தான். கீழ்த்தளத்தின் கூரையிலோ அடுத்த அறைச் சுவரிலோ கசிவு தெரிந்தால், கிரவுட்டை மாற்றுவதால் அது சில காலம் குறையக்கூடும், ஆனால் நிற்காது. உங்கள் கேள்வியில் கசிவைப் பற்றி எதுவும் இல்லை. இருந்தால் சொல்லுங்கள், வழியே வேறாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கசிவு எங்கும் இல்லை. வெளிச்சுவரையும் கீழ்த்தளக் கூரையையும் பார்த்துவிட்டேன். தட்டிப் பார்த்ததில் வடிகாலுக்கு அருகில் உள்ள ஒரு தரை டைல் மட்டும் பொள்ளலாக ஒலிக்கிறது, ஏறி நின்றால் மிக இலேசாக அசையவும் செய்கிறது. அதைச் சுற்றித்தான் கிரவுட் அதிகமாக உதிர்ந்திருக்கிறது. அதைப் பெயர்த்து மீண்டும் ஒட்டிவிடுகிறேன். இனி எனக்குத் தெரிய வேண்டியது, சிமெண்ட் வகையா எபாக்சியா என்பதும், எவ்வளவு வாங்க வேண்டும், எப்படிக் கலந்து இட வேண்டும் என்பதும்தான். தரை ஏறத்தாழ 4 சதுர மீட்டர், சுவர் 20 சதுர மீட்டர்.

மறுமொழி 3

என் பரிந்துரை: சுவருக்குப் பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட், ஷவருக்குக் கீழே உள்ள தரைக்கு எபாக்சி. இரண்டையும் ஒரே நிறத்தில் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு கண்ணை உறுத்தாது. பையின் மேல் ஐஎஸ்ஓ 13007 அல்லது இஎன் 13888 என்ற தர எண்ணுடன் ஒரு குறியீடு இருக்கும். சிஜி என்றால் சிமெண்ட் வகை, ஆர்ஜி என்றால் எபாக்சி போன்ற ரெசின் வகை. சிஜி2 என்பது மேம்பட்ட சிமெண்ட் வகை. அதனோடு டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் நீரைக் குறைவாக உறிஞ்சும், ஏ இருந்தால் தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும். குளியலறைக்கு டபிள்யூ உள்ளதையே வாங்குங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த இடுக்குக்கு மணல் சேராத வகையும், அதற்கு மேற்பட்டதற்கு மணல் சேர்ந்த வகையும் என்பது பொது விதி. இரண்டுக்கும் பொருந்தும் நுண்மணல் வகைகளும் கிடைக்கின்றன. உங்கள் 2 மி.மீ. சுவர் இடுக்கில் பருமணல் உள்ள கலவை உள்ளே இறங்காமல் மேலேயே அடைத்துக்கொள்ளும். மெருகேற்றிய சலவைக்கல்லாகவோ கண்ணாடி டைலாகவோ இருந்தால் மணல் கீறிவிடும் என்பதால், அங்கே இடுக்கு எவ்வளவு அகலமானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்தத் தொகையை அவ்விரண்டின் பெருக்கலால் வகுத்து, வரும் எண்ணை இடுக்கின் ஆழத்தாலும் அகலத்தாலும் 1.6-ஆலும் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். தரைக்கு 600-ஐ 90,000-ஆல் வகுத்து, 5, 3, 1.6 ஆகியவற்றால் பெருக்கினால் 0.16 கிலோ. நான்கு சதுர மீட்டருக்கு 0.64 கிலோ. சுவருக்கு 750-ஐ 1,35,000-ஆல் வகுத்து, 5, 2, 1.6 ஆகியவற்றால் பெருக்கினால் ஏறத்தாழ 0.09 கிலோ, இருபது சதுர மீட்டருக்கு 1.8 கிலோ. வீணாவதற்கென்று கொஞ்சம் சேர்த்து, தரைக்கு ஒரு கிலோ எபாக்சியும் சுவருக்கு இரண்டரை கிலோ சிமெண்ட் கிரவுட்டும் வாங்கினால் போதும். சுவருக்கு உரியதை ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். தொகுதி மாறினால் நிறத்தில் இலேசான வேறுபாடு வரக்கூடும்.

கிரவுட் வேலையில் கெடுவதெல்லாம் தண்ணீரால்தான் கெடுகிறது. பையில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரை அளந்து வாளியில் முதலில் ஊற்றி, அதன் மேல் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். கட்டியில்லாமல் குழைந்தபின் ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் ஒருமுறை கலக்குங்கள். அந்த இடைவெளியில் பாலிமர் கரையும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் மெல்ல நழுவி விழும் பதமே சரி. வேலை நடுவில் வாளியில் இருப்பது இறுகத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். மீண்டும் கலக்கிப் பாருங்கள், அதற்கும் இளகவில்லை என்றால் எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மிகுதியான தண்ணீர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. கிரவுட் வலுவிழக்கிறது, சுருங்குகிறது, நிறம் திட்டுத்திட்டாகிறது, கரைந்து மேலே வரும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. இத்தனைக்கும் காரணம் இரண்டு குவளைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றியதாகத்தான் இருக்கும்.

இடுவதற்கு முன் இடுக்குகளை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது. அடியில் ரப்பர் ஒட்டிய பூச்சுப் பலகையை 45 பாகை சாய்த்துப் பிடித்து, கலவையை இடுக்குக்குக் குறுக்காகத் தள்ளி உள்ளே அழுத்துங்கள். மேலே நிரம்பித் தெரிந்தால் மட்டும் போதாது; அடிவரை இறங்கியதா என்பதை ஓரிடத்தில் ஆணியால் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு பலகையைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்த்தி, டைலின் மூலைவிட்டத் திசையில் வழித்து, மிகுந்ததை எடுங்கள். இடுக்கின் நீளவாக்கில் வழித்தால் பலகையின் விளிம்பு உள்ளே இறங்கி, நிரப்பியதையே தோண்டிவிடும்.

பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில், விரலால் தொட்டால் ஒட்டாமலும் அழுத்தினால் இலேசாகத் தடம் விழும்படியும் இருக்கும். அப்போது ஸ்பாஞ்சை நனைத்து, ஒரு சொட்டும் சிந்தாத அளவுக்குப் பிழிந்து, மீண்டும் மூலைவிட்டமாகத் துடையுங்கள். ஒரு பக்கத்தால் ஒருமுறை இழுத்தால் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஆனதும் அலசிப் பிழிய வேண்டும். நீர் சொட்டும் ஸ்பாஞ்சால் துடைத்தால், அளந்து ஊற்றிய தண்ணீருக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். எல்லாம் துடைத்தபின்னும் டைலின் மேல் வெண்படலம் ஒன்று காய்ந்து தெரியும்; அதை ஓரிரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் தேய்த்தால் போய்விடும். மறுநாள் வரை விட்டுவிட்டால் எளிதில் போகாது. சிமெண்ட் காரத்தன்மை மிகுந்தது என்பதால் கையுறை அவசியம்.

எபாக்சிக்கு இதில் பாதி பொருந்தாது. இடுக்கு முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். ரெசினையும் இறுக்கியையும் பெட்டியில் வந்த அளவிலேயே முழுமையாகக் கலக்க வேண்டும்; இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுபவை என்பதால், கண்ணளவில் பாதியை எடுத்துக் கலந்தால் சில இடங்களில் இறுகாமலே நிற்கும். கலந்தபின் முக்கால் மணி நேரம் போல வேலை செய்யலாம். வெப்பம் கூடினால் அந்த நேரம் குறையும். ஒரு சதுர மீட்டரை நிரப்பி, உடனே துடைத்து, அடுத்ததற்குப் போங்கள். டைலின் மேல் காய்ந்த எபாக்சியைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. அது தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது; நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மறுமொழி 4

முதல்முறையாகச் செய்பவருக்கு எபாக்சியைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கறை ஏறாது, தண்ணீர் உறிஞ்சாது, அமிலத்தையும் பெருமளவு தாங்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் மேலே சொன்ன முக்கால் மணி நேரத்துக்குள் நிரப்பவும் துடைக்கவும் பழகிய கை வேண்டும். சிமெண்ட் கிரவுட்டில் தவறு நேர்ந்தால் மறுநாள் சுரண்டி எடுத்துவிடலாம்; எபாக்சியில் தவறு நேர்ந்தால் அடுத்த முறை டைலோடு பெயர்க்க வேண்டிய நிலை வரும். அதோடு, வெளிர்நிற எபாக்சி வெயில் படும் இடத்தில் காலப்போக்கில் மஞ்சளாகும். சன்னலுக்கு அருகில் என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள். நான்கு சதுர மீட்டர் தரைக்குச் சிஜி2 வகையையே இட்டு, அதன் மேல் ஊடுருவும் வகை சீலர், அதாவது நுண்துளைகளுக்குள் இறங்கித் தண்ணீர் உறிஞ்சப்படாமல் தடுக்கும் திரவம், பூசினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது.

சீலர் பூசுவதற்கு அவசரப்பட வேண்டாம். கிரவுட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியேறிய பிறகே பூச வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆகும், சில தயாரிப்புகளுக்கு அதைவிட நீண்ட காலம் குறிப்பிடப்பட்டிருக்கும். சிறு தூரிகையால் இடுக்கின் மேல் மட்டும் பூசி, டைலின் மேல் பட்டதை அது காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கிரவுட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நின்றால் சீலர் வேலை செய்கிறது, உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் மீண்டும் பூச வேண்டிய காலம் வந்துவிட்டது. எபாக்சிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எதை இட்டாலும் இனிமேல் தரையைக் கழுவ அமிலத் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். சிமெண்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சேர்மங்களை அமிலம் கரைத்துவிடும். ஊற்றியவுடன் நுரைத்துப் பளிச்சென்று தெரிவது அழுக்கு மட்டும் போவதால் அல்ல, கிரவுட்டின் மேற்பரப்பும் சேர்ந்து போவதால்தான். நடுநிலையான சோப்புத் திரவமும் நைலான் தூரிகையும் போதும்.

மறுமொழி 1 எழுதியவர்

எபாக்சியைப் பற்றிய இருவர் கருத்திலும் நியாயம் உண்டு. இன்னொருவர் உடனிருந்து துடைக்க முடியுமானால் எபாக்சி, தனியாகச் செய்வதானால் சிமெண்ட் என்று முடிவெடுங்கள்.

விடுபட்டது அந்த மூலை விரிசல். தரையும் சுவரும் சேரும் மூலையிலும், இரு சுவர்கள் சேரும் மூலையிலும் கிரவுட்டே இடக் கூடாது. தரை ஒரு விதமாகவும் சுவர் ஒரு விதமாகவும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அசைகின்றன. இடையில் இறுகி நிற்கும் கிரவுட் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். முன்பு இட்டவர் அங்கேயும் கிரவுட்டை நிரப்பியதுதான் உங்கள் மயிரிழை விரிசலுக்குக் காரணம். அதை முழுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டு, குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு சேர்த்து விற்கும், ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் சீலன்ட் இடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை சிமெண்ட் பரப்பிலும் சலவைக்கல்லிலும் சரியாகப் பொருந்தாது. நியூட்ரல் என்று குறித்ததை வாங்குங்கள்.

மற்ற இடுக்குகளில் கிரவுட் இறுகி, மூலை முற்றிலும் உலர்ந்த பிறகே சிலிக்கோனைத் தொடுங்கள். இருபுறமும் டைலின் மேல் ஒட்டுத்தாளை நேராக ஒட்டி, குழலின் முனையைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பிதுக்குங்கள்; சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை மட்டும் வழித்து, மேலே தோல் கட்டுவதற்குள் ஒட்டுத்தாளை உரித்துவிடுங்கள். தோல் கட்டிய பிறகு உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும். பழைய சிலிக்கோன் எங்காவது இருந்தால் அதன் மேல் புதியது ஒட்டாது; கடைசித் துணுக்கு வரை எடுத்தாக வேண்டும்.

நாள் கணக்கைப் பொறுத்தவரை, சிமெண்ட் கிரவுட் இட்ட 24 மணி நேரம் கழித்து மெல்ல நடக்கலாம், ஷவரை மூன்று நாள் திறக்காதீர்கள். எபாக்சிக்கு 24 மணி நேரத்தில் நடை, நான்கு நாள் கழித்துத் தண்ணீர். குளிர் மிகுந்த காலத்தில் இரண்டுமே தாமதமாகும். அறை மிக உலர்ந்தும் வெப்பமாகவும் இருந்தால் சிமெண்ட் கிரவுட்டை முதல் இரண்டு நாள் தெளிப்பானால் இலேசாக ஈரப்படுத்தி நீராற்றலாம். குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டாம். நீங்கள் மீண்டும் ஒட்டப்போகும் அந்த ஒற்றை டைலை எல்லாவற்றுக்கும் முன்பே ஒட்டி, பசை காய ஒரு நாள் விட்டுவிட்டு, மற்ற இடுக்குகளைச் சுரண்டும் வேலையை அதற்குள் முடித்துக்கொள்ளலாம். பெயர்க்கும்போது முதலில் சுற்றிலும் உள்ள நான்கு இடுக்குகளையும் அடிவரை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நெம்பும்போது பக்கத்து டைலின் ஓரமும் சேர்ந்து பெயரும்.